ஜெல்லி ரோல் மார்ட்டன்: வாழ்வும் இசையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெல்லி ரோல் மார்ட்டன் யார்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்து, பியானோ வாசித்தும் இசையமைத்தும் குழு நடத்தியும் வாழ்ந்து, 1941-இல் மறைந்தவர். ஜாஸ் இசையில் பெரிய வாத்தியக்காரர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஆனால் ஒரு குழுவில் எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும், எந்த இடத்தில் வாசிப்பவரின் மனோதர்மத்துக்கு வழிவிட வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து, தாளில் எழுதி, இசைத்தட்டிலும் நிலைநிறுத்திய முதல் பெரும் ஜாஸ் இசையமைப்பாளர் அவர்தான் என்று இசை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அதே மனிதர் சூதாடி, பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தயம் கட்டிப் பிழைத்தவர், முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டவர், தற்பெருமைக்குப் பெயர்போனவர். அவருடைய பெருமைப் பேச்சைக் கேட்டவர்கள் இசையைக் கேட்கத் தவறியதும் உண்டு.

அவருடைய இயற்பெயரும் பிறந்த ஆண்டும் ஏன் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன?

ஃபெர்டினாண்ட் ஜோசப் லமோத் என்பது இயற்பெயர். தாய் லூயிஸ் மறுமணம் செய்துகொண்டவரின் குடும்பப் பெயரான மூட்டன் என்பதையே சிறுவனும் ஏற்று, பின்னர் அதை ஆங்கிலேயச் சாயலில் மார்ட்டன் என்று மாற்றிக்கொண்டார். தாம் 1885-இல் பிறந்ததாக அவர் சொல்லிவந்தார். ஆனால் ஞானஸ்நானச் சான்றிதழில் 1890 அக்டோபர் 20 என்றே உள்ளது, ஆய்வாளர்கள் ஏற்பதும் அதையே. ஐந்து ஆண்டுகளைக் கூட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1902-இல் ஜாஸைத் தாமே படைத்ததாக அவர் பின்னாளில் உரிமை கோரினார். சான்றிதழ்ப்படி அப்போது அவருக்கு வயது பன்னிரண்டுகூட நிறைந்திருக்காது. 1885 கணக்கின்படி பதினேழு என்று ஓரளவு நம்பும்படி ஆகிவிடும்.

கிரியோல் குடும்பத்தில் பிறந்தது அவர் வாழ்வை எவ்வாறு பாதித்தது?

ஆப்பிரிக்க, ஐரோப்பியக் கலப்பில் பிறந்து, பிரெஞ்சு மொழியும் கத்தோலிக்க சமயமும் கொண்டு, உள்நாட்டுப் போருக்கு முன்பே விடுதலை பெற்றவர்களாகவும் கைவினைஞர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்த நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் சமூகத்தினர், தங்களைக் கறுப்பினத்தவரோடு சேர்த்து எண்ண விரும்பியதில்லை. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான தனி ரயில் பெட்டிகளைச் சட்டப்படி சரி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த ஹோமர் பிளெஸ்ஸியும் இதே நகரத்துக் கிரியோல்தான். அதன்பின் சட்டத்தின் கண்ணில் இடைநிலை என்று ஒன்று இல்லாமற்போயிற்று. குடும்பத்தார் இழந்த அந்தத் தகுதியை மார்ட்டன் வாழ்நாள் முழுவதும் பேச்சில் தக்கவைத்துக்கொண்டார். தம் முன்னோர் பிரான்சுக் கரையிலிருந்து நேரே வந்தவர்கள் என்றே சொல்லுவார், கறுப்புத் தோல் கொண்ட சக கலைஞர்களைத் தாழ்த்திப் பேசவும் செய்வார். இதை மழுப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கிரியோல் சூழல்தான் பிரெஞ்சு ஓபரா அரங்கின் இசையையும், குவாட்ரில் நடன இசையையும், ஏட்டைப் பார்த்து வாசிக்கும் பயிற்சியையும் அவருக்கு இளமையிலேயே கொடுத்தது.

விபசார விடுதிகளில் அவர் வாசித்தார் என்பது உண்மையா?

உண்மை. 1897 முதல் 1917 வரை ஸ்டோரிவில் என்ற பகுதியில் அந்தத் தொழிலை நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி அனுமதித்திருந்தது. அங்கிருந்த பெரிய விடுதிகளின் வரவேற்பறைகளில் பியானோ வாசிப்பவரைப் "புரொபசர்" என்று அழைப்பது வழக்கம். பதின்ம வயதிலேயே மார்ட்டன் அந்த வேலையில் சேர்ந்தார். வாடிக்கையாளர்கள் வீசும் அன்பளிப்பு, நாள் முழுக்க உடலுழைப்பு செய்வோரின் கூலியை விடப் பன்மடங்காக இருந்தது. பீப்பாய்த் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்ப்பதாக வீட்டில் சொல்லிவைத்திருந்தார். உண்மை தெரிந்ததும், தாயின் மறைவுக்குப் பின் அவரை வளர்த்துவந்த கொள்ளுப்பாட்டி, தங்கைமாரும் கெட்டுவிடுவார்கள் என்று அஞ்சி அவரை வீட்டை விட்டு வெளியேற்றினார்.

அந்த வட்டாரத்துப் பியானோக்காரர்களில் அவர் மனமுவந்து பாராட்டியவர் டோனி ஜாக்சன் ஒருவரே. எவரையும் தமக்கு மேலாக ஏற்காத மார்ட்டன், ஜாக்சனை மட்டும் உலகத்திலேயே சிறந்தவர் என்று கடைசி வரை சொல்லிவந்தார். ஜாக்சன் ஒரு இசைத்தட்டுகூடப் பதிவு செய்யாமல் 1921-இல் இறந்துவிட்டார். இன்று அவர் வாசிப்பின் சாயலை அறிய மார்ட்டன் போலச் செய்து காட்டியதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

"ஜெல்லி ரோல்" என்ற பெயர் எப்படி வந்தது?

மேடையில் தாமே சூட்டிக்கொண்டது. இனிப்புப் பண்டத்தின் பெயர்தான் என்றாலும், அன்றைய தெருப் பேச்சில் அதற்கு ஆபாசப் பொருளும் உண்டு. அது தெரிந்தேதான் வைத்துக்கொண்டார்.

நியூ ஆர்லியன்ஸை விட்ட பிறகு எங்கெல்லாம் சென்றார்?

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நாடோடி வாழ்க்கை. மெக்சிகோ வளைகுடாக் கரையோர ஊர்கள், மெம்பிஸ், செயின்ட் லூயிஸ், நியூயார்க் என்று சுற்றினார். 1914-இல் சிகாகோவில் இருந்தார். 1917 முதல் கலிபோர்னியாவைத் தளமாகக் கொண்டு, வடக்கே கனடாவின் வான்கூவர் வரையிலும் தெற்கே மெக்சிகோவின் டிஹுவானா வரையிலும் போனார். நகைச்சுவை நாடகக் குழுக்களில் நடித்தார், பந்தயத்தில் பில்லியர்ட்ஸ் ஆடினார், அனிதா கொன்சாலஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து விடுதிகள் நடத்தினார். பல ஊர்களில் பியானோ அவருக்குத் தூண்டில்தான். வருமானம் சூதாட்ட மேசையில். ஆனாலும் ஒவ்வோர் ஊரின் வாசிப்பு முறையையும் காதில் வாங்கி வைத்துக்கொண்டார் என்பது பின்னாளில் அவர் அவற்றைத் தனித்தனியே வாசித்துக் காட்டியபோது தெரிந்தது. "கான்சாஸ் சிட்டி ஸ்டாம்ப்" என்ற பாடலின் பெயர் கான்சாஸ் நகரத்தைக் குறிப்பதன்று, டிஹுவானாவில் அவர் வாசித்த மதுக்கடையின் பெயர். "த பேர்ல்ஸ்" என்ற நுணுக்கமான பியானோ படைப்பும் அந்தக் கடையில் பரிமாறிய ஒரு பெண்ணுக்காக எழுதப்பட்டதே.

ராக்டைம் இசைக்கும் அவருடைய ஜாஸ் வாசிப்புக்கும் என்ன வேறுபாடு?

ராக்டைம் ஜாஸுக்கு முந்தைய பியானோ இசை. அதன் பெரும் இசையமைப்பாளரான ஸ்காட் ஜாப்ளினின் படைப்புகள் ஏட்டில் உள்ளபடியே வாசிக்கப்பட வேண்டியவை. இடக்கை சீரான இரட்டைத் தாளத்தில் நடக்க, வலக்கை அதன் மேல் எதிரடி போடும். மார்ட்டன் இந்தக் கட்டமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றினார். சமமாக விழுந்த சிற்றசைகளை ஒன்று நீண்டு ஒன்று குறுகும்படி தளர்த்தினார். ஒரு பகுதி மறுபடி வரும்போது அதைத் திரும்பச் சொல்லாமல் புதிதாக விரித்தார். பியானோ ஒரு முழுக் குழுவைப் போல ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இடக்கையில் திடீரென்று எழும் ஓட்டங்கள் டிராம்போனுடையவை, வலக்கையின் மேல் பகுதி கிளாரினெட், நடுவில் டிரம்பெட் போன்ற கார்னெட். 1938-இல் ஜாப்ளினின் "மேப்பிள் லீஃப் ராக்" படைப்பை முதலில் செயின்ட் லூயிஸ் பாணியிலும் பிறகு தம் பாணியிலும் அவர் வாசித்துக் காட்டிய பதிவு இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விளக்கத்தையும் விடத் தெளிவாக அது காட்டிவிடும்.

"ஸ்பானியச் சாயல்" என்று அவர் எதைச் சொன்னார்?

கியூபாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்த ஹபனேரா தாளத்தை. எட்டு சிற்றசைகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரித்து அடிக்கும் நடை அதன் அடிப்படை. கண்டிப்பான தாளக் கணக்கில் ஊறிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஸ்பானியச் சாயல் கலக்காத பாட்டில் ஜாஸுக்கு உரிய மசாலா சேராது என்பது அவர் கருத்து. "நியூ ஆர்லியன்ஸ் புளூஸ்", "மாமனிதா", "த கிரேவ்" ஆகியவற்றில் இடக்கை இந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, வலக்கை அதன் மேல் கறுப்பின மக்களின் பாட்டு மரபான புளூஸ் இசையை மிதக்க விடுகிறது. ஜாஸின் பிறப்பில் கரீபியத் தீவுகளுக்கும் பங்கு உண்டு என்று அந்த இசையை உருவாக்கியவர்களில் ஒருவரே அவ்வளவு முன்னதாகச் சொல்லி, வாசித்தும் காட்டியது வரலாற்றுக்குப் பெரிய சான்று.

அவர் எப்போது இசைத்தட்டுகள் பதிவு செய்யத் தொடங்கினார்?

1915-இலேயே சிகாகோவில் வில் ராசிட்டர் என்ற பதிப்பாளர் அவருடைய "ஜெல்லி ரோல் புளூஸ்" படைப்பை இசைக்குறிப்பாக அச்சிட்டார். அச்சேறிய முதல் ஜாஸ் படைப்பு அதுதான் என்று பலர் குறிப்பிடுகிறார்கள். ஒலிப்பதிவு தொடங்கியது 1923-இல்: முதலில் சிகாகோவில் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு, பிறகு இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் இருந்த ஜெனட் நிறுவனத்தில். ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தப் பதிவுக்கூடத்தில் வண்டி போகும்போதெல்லாம் பதிவை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு சேர்ந்தும் அவர் வாசித்தார். இனம் கலந்த ஜாஸ் பதிவுகளில் மிக முற்பட்டவை அவை. தனிப் பியானோவாக "கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்", "கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்", "த பேர்ல்ஸ்", "வூல்வரீன் புளூஸ்" முதலியவற்றையும் அந்தக் காலத்தில்தான் பதிவு செய்தார்.

ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழுவின் பதிவுகள் ஏன் இவ்வளவு போற்றப்படுகின்றன?

விக்டர் நிறுவனத்துக்காக 1926 செப்டம்பர் 15 அன்று சிகாகோவில் முதல் அமர்வு நடந்தது. ஜார்ஜ் மிட்செல் கார்னெட், கிட் ஓரி டிராம்போன், ஓமர் சிமியன் கிளாரினெட், ஜானி செயின்ட் சிர் பாஞ்சோ, ஜான் லிண்ட்ஸே பாஸ், ஆண்ட்ரூ ஹிலேர் டிரம்ஸ், மார்ட்டன் பியானோ. மேடைக்குழு அன்று, பதிவுக்காகவே சேர்க்கப்பட்ட குழு. பெரும்பாலோர் நியூ ஆர்லியன்ஸ் மரபில் வந்தவர்கள். அந்நாளில் ஜாஸ் பதிவுகள் பெரும்பாலும் அவசரமாக முடிக்கப்படுபவை. மார்ட்டனோ ஒத்திகை பார்த்தார், ஒத்திகைக்குத் தனிக் கூலியும் கிடைக்கச் செய்தார். தனி வாசிப்புகளில் கலைஞர்களுக்குச் சுதந்திரம் இருந்தது. ஆனால் அந்தச் சுதந்திரம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை அவரே வகுத்தார்.

அன்று பதிவான "பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்" மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலானது. அதற்குள் இரண்டு கருப்பொருள்கள், நடுவே ஒரு சுருதி மாற்றம். முதல் பகுதியில் குழு முழுவதும் வாசித்ததும் கார்னெட்டும் குழுவும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன, பிறகு கிளாரினெட் வருகிறது. இரண்டாம் கருப்பொருள் பதினாறு அளவைகளில் (தாளச் சுற்றுகளில்) முடியும் என்று காது எதிர்பார்க்க, அது இருபது வரை நீள்கிறது. அந்த இருபதும் ஒவ்வொரு முறையும் வேறு உடையில் வரும்: ஒரு முறை கிளாரினெட், ஒரு முறை துணையே இல்லாமல் பியானோ மட்டும், ஒரு முறை மற்றவர்கள் இடைவெளி விட்டு விட்டு அடிக்கக் கார்னெட், ஒரு முறை பாஞ்சோ. கடைசிச் சுற்றில் டிரம்ஸ் எதிரடியைப் பலமாகப் போட, அதுவரை அடக்கி வைத்த வலு முழுவதையும் குழு அவிழ்த்து விடுகிறது. எல்லோரும் சட்டென்று நிறுத்தி ஒருவர் மட்டும் இரண்டு அளவைகளை நிரப்பும் "பிரேக்" இல்லாமல் ஜாஸ் இல்லை என்று மார்ட்டன் அடித்துச் சொல்லுவார். இந்தப் பதிவில் அது வரும் இடங்களைக் கவனித்தால், ஒன்றுகூட எதிர்பார்த்த தருணத்தில் வருவதில்லை. எழுதி வைத்த இசையில் மனோதர்மம் செத்துவிடும் என்பவர்களுக்கு அவர் அளித்த பதில் இந்த மூன்று நிமிடம் என்றே நான் சொல்லுவேன்.

வேறு எந்தப் பாடல்கள் முக்கியமானவை?

"டெட் மேன் புளூஸ்" சவ ஊர்வலத்தைப் பற்றிய ஒரு சிறு வேடிக்கைப் பேச்சோடு தொடங்கும். நியூ ஆர்லியன்ஸில் கல்லறை வரை மெதுநடையில் துக்க இசையும், திரும்பும் வழியில் ஆட்ட இசையும் வாசிக்கும் வழக்கம் இருந்தது. அந்த இரண்டு மனநிலைகளும் இதில் அடுத்தடுத்து வருகின்றன. "சைட்வாக் புளூஸ்" தெருச் சத்தத்தையும் கார் ஹாரனையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கிங் ஆலிவர் இயற்றிய "டாக்டர் ஜாஸ்" பாடலில் மார்ட்டனின் குரலையும் கேட்கலாம். 1927-இல் ஜானி டாட்ஸ் கிளாரினெட்டும் பேபி டாட்ஸ் டிரம்ஸும் சேர மூவராக வாசித்த "வூல்வரீன் புளூஸ்" தனி ரகம். 1927 அமர்வுகளில் ஆட்டுக் கத்தலையும் கழுதைப்புலிச் சிரிப்பையும் சேர்த்த வேடிக்கைப் பதிவுகளும் உண்டு. அவற்றை ஒரு முறைக்கு மேல் கேட்பது கடினம்.

"கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்" பாடலால் அவருக்குப் பணம் கிடைத்ததா?

மிகக் குறைவாகவே. போர்ட்டர் கிங் என்ற ஃப்ளோரிடா பியானோக்காரரின் பெயரைத் திருப்பிப் போட்டு மார்ட்டன் சூட்டிய பெயர் அது. 1930களில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் அதைப் பெரிய குழுவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அந்த அமைப்பை பென்னி குட்மன் 1935 ஜூலையில் பதிவு செய்ய, அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பாலமார் நடன அரங்கில் அவர் குழுவுக்குக் கிடைத்த வரவேற்போடு ஸ்விங் எனப்பட்ட பெருங்குழு நடன ஜாஸின் அலை நாடெங்கும் பரவியது. நடனக் குழுக்கள் எல்லாம் இந்தப் பாட்டை வாசித்தன. இயற்றியவரோ அப்போது வறுமையில் இருந்தார். சிகாகோவில் அவர் படைப்புகளை அச்சிட்ட மெல்ரோஸ் சகோதரர்கள் ராயல்டியில் தமக்குரியதைத் தராமல் ஏமாற்றியதாக மார்ட்டன் குற்றம் சாட்டினார். இசையமைப்பாளர்களுக்காகத் தொகை வசூலித்துப் பகிரும் ஆஸ்கேப் சங்கம் 1939 வரை அவரை உறுப்பினராக்கவே இல்லை.

1930களில் அவர் ஏன் மறக்கப்பட்டார்?

1928-இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தார். மேபல் பெர்ட்ரண்டை மணந்ததும் அந்த ஆண்டுதான். பொருளாதாரப் பெருமந்தத்தில் இசைத்தட்டு விற்பனை சரிந்து, 1930-இல் விக்டர் ஒப்பந்தம் முடிந்தது. நியூயார்க்கின் இளைய கலைஞர்களுக்கு அவர் பாணி பழையதாகத் தோன்றியது, அவர் வாய்ப்பேச்சும் நண்பர்களைச் சேர்த்துத் தரவில்லை. தமக்கு நேர்ந்த சரிவுக்குக் காரணம் தொழிற்கூட்டாளி ஒருவர் வைத்த சூனியம் என்று அவர் உறுதியாக நம்பினார். பரிகாரத்துக்குப் பெரும் பணம் செலவிட்டார். ஞானத்தாயான யூலாலி எக்கோ வூடூ சடங்குகள் செய்பவர் என்பதால் சிறுவயதிலேயே ஊன்றிய நம்பிக்கை அது. 1930களின் நடுவில் வாஷிங்டனுக்குப் போய், யூ தெருவில் ஒரு சிறிய மாடி மதுக்கடையில் வாசித்து, உபசரித்து, சமயத்தில் மதுவும் ஊற்றிக் கொடுத்து நாள் கடத்தினார்.

ஜாஸைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் சொன்னது சரியா?

சரியன்று. 1938 மார்ச்சில் ராபர்ட் ரிப்ளியின் வானொலி நிகழ்ச்சி டபிள்யூ. சி. ஹேண்டியை ஜாஸையும் புளூஸையும் தோற்றுவித்தவர் என்று அறிமுகப்படுத்தியது. அதைக் கேட்டுக் கொதித்த மார்ட்டன், 1902-இல் ஜாஸைப் படைத்தவன் நானே என்று ரிப்ளிக்கு எழுதிய நீண்ட கடிதம் "டவுன் பீட்" இதழில் அச்சானது. ஹேண்டியைத் தோற்றுவித்தவர் என்று சொன்னது தவறு என்பதில் மார்ட்டன் பக்கம் நியாயம் இருந்தது. "மெம்பிஸ் புளூஸ்" போன்றவற்றை எழுதி அச்சிட்டு நாடறியச் செய்த ஹேண்டி, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் மரபைச் சேர்ந்தவரே அல்லர். ஆனால் மார்ட்டனின் சொந்த உரிமைகோரலும் நிற்காது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே பட்டி போல்டன் என்ற கார்னெட் கலைஞர் அதே நகரத்தில் கூட்டத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பாட்டுப் பாடியவரும் இதே மார்ட்டன்தான். ஓர் ஊரே கூடி, ஊர்வலத்திலும் நடனக் கூடத்திலும் தேவாலயத்திலும் துறைமுகத்திலும் உருவாக்கிய இசைக்கு ஒரு தனி மனிதர் பட்டயம் கேட்க முடியாது. இசையமைப்பாளர் என்ற முறையில் அவர் கோரியிருக்கக்கூடிய முதலிடம் ஒன்று இருந்தது. அதைக் கோராமல் கிடைக்காத ஒன்றைக் கோரினார். அதனால் பலர் அவரைப் புளுகர் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பதிவானவை என்ன?

1938 மே 23 அன்று, நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில், அப்போது 23 வயதான நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், மார்ட்டனைப் பியானோ முன் அமர்த்திப் பேசவும் வாசிக்கவும் சொன்னார். அடுத்தடுத்த அமர்வுகளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வட்டுகளில் பதிவாயிற்று. மெல்லிய நாண்களைப் பின்னணியில் இசைத்தபடியே அவர் கதை சொல்லுகிறார்: சவ ஊர்வலங்கள், சூதாடிகள், கொலைகாரர்கள், மார்டி கிரா திருவிழாவில் செவ்விந்தியர் வேடமிட்டு மோதிக்கொள்ளும் குழுக்கள், பழைய பியானோக்காரர்கள் ஒவ்வொருவரின் கைவழக்கம். பிரெஞ்சுக் குவாட்ரில் ஒன்றின் பகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்து அது "டைகர் ராக்" ஆனது இப்படித்தான் என்று காட்டுகிறார். தாமே அப்படி மாற்றியதாகவும் சேர்த்துச் சொல்லுகிறார், அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விடுதிகளில் பாடப்பட்ட பச்சையான பாடல்களையும் ஒளிக்காமல் பாடியதால், பதிவுகள் முழுமையாக வெளிவர 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தத் தொகுப்பு 2006-இல் கிராமி விருது பெற்றது. ஒரு ஜாஸ் கலைஞர் தம் கலையையும் ஊரையும் பற்றித் தாமே விரிவாகச் சொன்ன முதல் ஒலிவழி வரலாறு இது.

அவருடைய இறுதிக் காலம் எப்படி இருந்தது?

1938-இல் வாஷிங்டன் மதுக்கடையில் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். அதன்பின் உடல் தேறவில்லை. நியூயார்க் திரும்பி 1939-இல் சிட்னி பெஷே உள்ளிட்டோருடன் சில அருமையான பதிவுகள் செய்தார். 1940-இன் இறுதியில் ஞானத்தாய் இறந்த செய்தி கேட்டு, அவரிடம் இருந்த வைரங்கள் கைநழுவிவிடுமோ என்ற கவலையில், இரண்டு கார்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு குளிர்காலப் பனியில் நாட்டைக் குறுக்கே கடந்து கலிபோர்னியா சென்றார். 1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில், இதயக் கோளாறும் ஆஸ்துமாவும் முற்றி இறந்தார். வயது ஐம்பது. உயிலில் பெரும்பகுதியை அனிதாவுக்கு எழுதிவைத்தார். நியூயார்க்கில் காத்திருந்த மனைவி மேபலுக்கு ஏமாற்றமே மிஞ்சியது.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

1926-ஆம் ஆண்டு ரெட் ஹாட் பெப்பர்ஸ் பதிவுகளிலிருந்து. மின்சார மைக்கில் பதிவானவை என்பதால் ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். 1923-இன் ஜெனட் தனிப் பியானோ பதிவுகள் கூம்புக் குழல் வழியே பதிவானவை, இரைச்சல் அதிகம். காது பழகிய பின் அவற்றுக்குச் செல்வது நல்லது. "கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்" படைப்பைத் தனிப் பியானோவிலும் குழுவிலும் அடுத்தடுத்துக் கேட்டால், பியானோவையே குழுவாகக் கருதியவர் உண்மையான குழு கையில் கிடைத்தபோது என்ன செய்தார் என்பது விளங்கும். பிறகு 1939 டிசம்பரில் அவர் தனியே வாசித்துப் பாடிய "மேமீஸ் புளூஸ்" கேட்க வேண்டும். வலக்கையில் இரண்டு விரல்களை இழந்த மேமீ டெஸ்டூன் என்ற பெண்ணிடம் சிறுவயதில் கேட்ட பாட்டு அது. ரயிலேறிப் போனவனைப் பற்றிய எளிய வரிகளை அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறார். பியானோ பயில்வோர் வாசிக்க விரும்பினால், ஜேம்ஸ் டபோக்னி பதிவுகளைக் காதால் கேட்டு எழுதி 1982-இல் வெளியிட்ட இசைக்குறிப்புத் தொகுப்பே நம்பத்தக்கது. 1920களில் அச்சான தாள்களில் உள்ளது பெரும்பாலும் எளிமைப்படுத்திய வடிவம், அவர் விரல்கள் வாசித்தது அதுவன்று.